துவேஷத்துக்கு ஒரு வாக்கியம்

9 ஜூன் 1957, காஜா பேராங்

தினமும் தமிழில் எழுதினால்தான் கை பழகும் என்கிறாள் எனக்குச் சொல்லித்தரும் தோழி கமலவேணி. எழுதுகிறேன். தமிழ் வணிகர் வழிவந்தவர்கள்தான் என்றாலும் எங்கள் செட்டிக் கம்பத்தில் சாமி பெயரைத் தவிர மற்றதெல்லாம் மலாய்தான். இந்த வயதில் உனக்கு இது எதற்கு என்று அம்மா சிரிக்கிறாள். சிரிக்கட்டும். கோயிலில் சொல்வது என்னவென்று கும்பிடுகிறவளுக்குத் தெரிய வேண்டாமா?

23 ஜூன்

இன்றைய சொல் துவேஷம். வெறுப்பு வேறு, இது வேறாம். "ஒருத்தர் நமக்கு ஒண்ணும் செய்யல, அவர நமக்குத் தெரியக்கூடத் தெரியாது, ஆனாலும் ஆகாது. அதுதான்" என்றாள். நம்மை உள்ளே விடாத வெள்ளைக்காரர் கிளப்பை உதாரணம் காட்டினாள். பிறகு வாக்கியத்தில் அமைக்கச் சொன்னாள், தமிழ்ப்பள்ளி டீச்சர் அல்லவா! 'கிளப் வாசலில் துவேஷம் காவல் நிற்கிறது' என்றேன். அப்படியே கட்டிக்கொண்டாள். மெர்டேக்கா சுதந்திர விழாவில் மாதர் சங்க வரவேற்புரை எனக்குத்தானாம். தலைவியிடம் சொல்லிவிடுவாளாம்.

20 ஜூலை

கிளப் வாசல் வாக்கியத்தையும் சேர்த்து எழுதிய பேச்சு முழுக்க மனப்பாடம். ஒரு சொல்லும் புரியாமலேயே அம்மா கேட்டு அழுதாள்.

4 ஆகஸ்ட்

ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் தலைவி பூங்காவனம் அம்மாள் வீட்டுக்குக் கமலவேணி என்னை அழைத்துப் போனாள். சேலை இல்லை, எங்கள் வழக்கப்படி சாரோங் கெபாயா உடுத்தியிருந்தேன். அந்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்து என் எதிரிலேயே சொன்னார்: "காஜா பேராங் செட்டிப் பொண்ணா? பேருதான் நம்ம பேரு. அதுங்கள்லாம் தமிழாளுங்களே இல்ல. எதுக்கு இங்க கூட்டியாந்த?"

கமலவேணியைப் பார்த்தேன். இப்போது சொல்வாள், இதோ சொல்வாள் —

"சும்மா தொணைக்கு வந்துச்சும்மா" என்றாள். வரவேற்புரைக்கு என் பெயரை அவள் தலைவியிடம் சொல்லியே இருக்கவில்லை. பிறகு என்னிடம் திரும்பி, மலாயில் சொல்கிறாள், உன் கெபாயா அழகாக இருக்கிறது என்கிறார் அந்தம்மா என்று.

மலாயில்! என்கிட்ட! நானும் "தெரிமா காசி" என்று மலாயிலேயே நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஏன் சொன்னேன்? எனக்கு வாய் இல்லியா? அவ குடுத்த தமிழ் அம்புட்டும் வாய்க்குள்ளதானே இருந்துச்சு?

5 ஆகஸ்ட்

அந்தம்மாவுக்கு என்னைத் தெரியாது. அதற்குச் சொல் இருக்கிறது. இவளுக்கு என்னைத் தெரியுமே. இதற்கு என்ன சொல்?

11 ஆகஸ்ட்

கமலவேணி வந்தாள். அடுத்த மாதம் சங்கத்தில் செயலாளர் தேர்தலாம், தலைவியைப் பகைத்துக்கொள்ள முடியாதாம். "அவங்க மனசுல துவேஷம்லாம் இல்ல சீதா. அது ஒரு பழக்கம்" என்றாள். அப்படியானால் கிளப் துரைக்கும் பழக்கம்தானே என்றேன். "அது வேற." காப்பியைக் குடித்துவிட்டுப் போனாள்.

31 ஆகஸ்ட்

மெர்டேக்கா. விழாவுக்குப் போகவில்லை. வரவேற்புரை கமலவேணியாம். என் கிளப் வாசல் வாக்கியத்துக்குத்தான் பலத்த கைதட்டலாம்.

12 ஜனவரி 1958

சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு அம்மாவிடம் பலகாரம் செய்துதரச் சொல்லத் தலைவி வந்தார். கூடவே புதுச் செயலாளர் கமலவேணி. தலைவி எனக்குப் புரிய வேண்டுமே என்று ஒவ்வொரு சொல்லாக, உரக்க, மலாயில், அம்மா இருக்கிறாளா என்று கேட்டார்.

"உக்காருங்கம்மா. தமிழ்லயே சொல்லுங்க" என்றேன்.

அவர் முகம் போன போக்கு! "ஒனக்குத் தமிழ் தெரியுமா? எப்பலேருந்து?"

"ஒங்க வீட்டுக்கு வந்தப்பவே தெரியும்மா. கமலவேணிதான் சொல்லிக்குடுத்தா."

அந்தம்மா மெல்லத் திரும்பிக் கமலவேணியைப் பார்த்தார்.