வேப்பமரத்தில் தூளி கட்டிய அக்காவுக்கு

என் பிரியமுள்ள அக்கா,

உன் பொன்னி ஐந்தாம் வகுப்புத் தேறிவிட்டாள். கேட்டவுடன் உன்னிடம் சொல்லத்தான் ஓடினேன். உன் வீட்டு வாசல் வரை வந்த பிறகுதான் நீ இல்லை என்பது உறைத்தது. காலரா உன்னைக் கொண்டுபோய் ஒரு வருஷமாகியும் என் கால்களுக்கு அது தெரியவில்லை.

ஆம்பூருக்குப் புதிதாக வந்த பெண்கள் நீ செய்ததைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறார்கள். நான் சொல்வது சரிதானா என்று நீயும் கேட்டுக்கொள்.

நாம் இருவரும் தோல் பதனிடும் ஷாப்பில் ஆவாரம்பட்டை இடித்துக்கொண்டிருந்தோம். விடியும்போதே வேலைக்குப் போய்விடுவதால், கைக்குழந்தையைப் பார்ப்பது வீட்டின் மூத்த பெண்ணின் பாடு. பொன்னி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே முனிசிபல் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அவன் அழுதான். தலைமையாசிரியர் இருவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நம் தெருவில் அப்படிப் படிப்பு நின்றுபோன பெண்கள் எத்தனையோ பேர். யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. நீ நினைத்தாய்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் என்னையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் போய் நின்றாய்.

“இது பள்ளிக்கூடமா, தொட்டில் கட்ற எடமா?” என்றார் தலைமையாசிரியர்.

“ரெண்டுமா இருக்கட்டுமே ஐயா. இதோ நிக்கிறாளே என் தங்கச்சி, இவளைத் தூக்கிக்கினு இருந்ததுல எனக்கு எழுத்தே தெரியாம போச்சு. எம் பொண்ணுக்கும் அதே கதியா?”

அதுவரை நீ என்னிடம்கூட அதைச் சொன்னதில்லையே, ஏன் அக்கா?

“கொழந்தைங்கள யாரு பாத்துக்கறது?”

“நாங்கதான். தெனம் ஒரு அம்மா வர்றோம். வெளிய வேப்பமரம் இருக்குது, தூளி கட்டிக்கிறோம்.”

அவர் யோசித்தார். “சரி, பாக்கலாம். ஒரு நாள் ஆள் வரலன்னாலும் எல்லாரையும் அனுப்பிடுவேன்.”

நீ வீடு வீடாக ஏறி இறங்கினாய். பக்கத்துச் சந்து ரஹமத்பீ, “மதியத்துக்கு மேல எனக்கு வேலை கம்மி, நானும் வர்றேன்” என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினாள்.

ஒரு நாள் காலையில், முறைக்காரி காய்ச்சலில் படுத்துவிட்டாள் என்று ஷாப்புக்குச் சேதி வந்தது. நீ உலக்கையைச் சாய்த்து வைத்துவிட்டு நடந்தாய்.

“போனா திரும்பி வராத!” என்று கத்தினான் மேஸ்திரி.

“வரல மேஸ்திரி,” என்றாய். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் உன்னை உள்ளே விடவில்லை, நீ நேரே தூளிகளைப் பார்க்கப் போய்விட்டாய். மற்றப் பெண்கள் நாங்கள் உள்ளே போனோம், உரல்களின் முன்னால் உட்கார்ந்தோம். ஒரு உலக்கைகூட எழவில்லை. தொட்டியில் தோல் காத்துக் கிடந்தது, போடப் பட்டைத்தூள் இல்லை. எனக்கும் பயம்தான். ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை. வெயில் உச்சி தாண்டியபோது மேஸ்திரியே பள்ளிக்கூடத்துக்கு உன்னைத் தேடி வந்தான்.

“பேஜார் பண்ணாத. வந்து வேலையப் பாரு.”

“கொழந்தைங்க தூங்குது, மெதுவா பேசு. நாளைக்கு வர்றேன்,” என்றாயாம். ரஹமத்பீ இன்றும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

அதன் பிறகு ஆள் வராத நாளே இல்லை. தலைமையாசிரியர் மடியில் சிலேட்டை வைத்துத் திருத்தியபடி ஒரு கையால் தூளியை ஆட்டியதை நீயே பார்த்தாய். இப்போது முனிசிபாலிட்டியார் அங்கே கொட்டகை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். உன் மகன் முதல் வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து, தெருக்கோடி வரை கேட்கப் பாடம் ஒப்பிக்கிறான்.

ஆனால் பெண்களுக்கு இங்கே ஐந்துக்கு மேல் வகுப்பு இல்லை. “அவ்ளோதானா சித்தி?” என்று பொன்னி கேட்கிறாள். நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

நாளைக் காலை ஆறாம் வகுப்பு கேட்டு முனிசிபல் சேர்மன் வீட்டுக்குப் போகிறோம். இந்த முறை அப்பாமார்களும் வருகிறார்கள். மாமாவும் பொன்னிக்கு அப்பாவாக வரத் தன் வெள்ளை வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார். பேசப்போவது நான்தான். முடியாது என்றால் மறுநாளும் போவோம், அதற்கு மறுநாளும் போவோம். பொன்னி ஆறாம் வகுப்பில் உட்காருவாள், இதே ஆம்பூரில். தனியாக அல்ல, தெருப் பெண்கள் எல்லோரோடும். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் பிள்ளைகளுக்குச் சித்தியும்
உனக்கு என்றும் தங்கையுமான
அஞ்சலை