சீட் அவள் செக்ஷன் இல்லை

பிப்ரவரி 8, ஞாயிறு

கார் வாங்கப் போனோம். 'போனோம்' என்று எழுதுவது ஒரு மரியாதைக்கு. வாங்கியவள் என் மனைவி. நான் பக்கத்தில் நின்றேன்.

இருபத்தைந்து வருடமாகக் கார் தொழிற்சாலையில் வண்டியின் உள்புறத்தைச் சரிபார்க்கிறவள். கதவின் உள்தட்டி, டாஷ்போர்டு, கூரைத் துணி எல்லாம் ஒன்றோடு ஒன்று சேரும் இடத்தில் இடைவெளி சீராக இருக்கிறதா, தட்டினால் சத்தம் வருகிறதா, விரலை ஓட்டினால் பிசிறு தட்டுகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. இத்தனை வருடம் ஊரார் வண்டியைத் தட்டியவள், சொந்தமாக ஒன்று வாங்குவது இதுதான் முதல் தடவை.

விற்பனைக்காரர் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார். பாவம், அதோடு சிரிப்பு நின்றது. கண்ணை மூடிக்கொண்டு டாஷ்போர்டு முழுக்க விரல் நுனியால் தடவினாள். கதவை மூடுவதும் திறப்பதும், காதைக் கொடுத்துக் கேட்பதும். மூன்று வண்டிகள் தேறவில்லை. நான்காவதில் கதவு 'தொப்' என்று மூடியது. "இது கதவு," என்றாள்.

"சார் என்ன பண்றீங்க?" என்று அவர் என்னிடம் கேட்டார். மருந்துக்கடை என்றேன். "ரொம்பக் கஷ்டம் சார்," என்றார். எதைச் சொன்னார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 21, சனி

வண்டி வந்துவிட்டது. ஓட்டுவது அவள். ஸ்டீயரிங்கைப் பிடித்தாலே எனக்குக் கை நடுங்கும் என்பது தெருவுக்கே தெரிந்த விஷயம். பக்கத்து சீட்டில் ராஜா மாதிரி உட்கார்ந்தேன். கொஞ்ச தூரம் போனதுமே ராஜாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. சாய்மானத்தில் ஒரு மேடு. முதுகுக்கு எங்கே அணைப்பு வேண்டுமோ, அதற்கு ஒரு சாண் மேலே வந்து குத்துகிறது. அவள் சீட்டை ஏற்றி இறக்க ஒரு பிடி இருக்கிறது. என் பக்கம் அந்தச் சலுகையெல்லாம் கிடையாது.

சிக்னலில் வண்டி நின்றபோது திரும்பி, "எப்படி இருக்கு?" என்றாள். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"மெத்தை மாதிரி இருக்கும்மா."

ஏன் அப்படிச் சொன்னேன்? அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதைச் சொல்வது?

பிப்ரவரி 22, ஞாயிறு

இடுப்பு.

பிப்ரவரி 27, வெள்ளி

கடைக்கு வந்த ஒருவர் இடுப்பு வலிக்கு மருந்து கேட்டார். களிம்பு கொடுத்து, "முதல்ல உக்கார்ற நாற்காலிய மாத்துங்க" என்று பெரிய பிரசங்கம் செய்தேன். அவர் தலை மறைந்ததும் அதே களிம்பில் ஒன்றை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். காலையில் அவள் வண்டியை வெளியே எடுக்கிற நேரத்தில் பூசிக்கொண்டால் கடை வரைக்கும் தாங்குகிறது.

மார்ச் 5, வியாழன்

இன்றும் காரை விட்டுவிட்டு, ஸ்டாப் வரை நடந்து போய் பஸ். "தினமும் கொஞ்சம் நடக்கச் சொல்லி டாக்டர் சொன்னார்" என்று அளந்துவிட்டேன். எந்த டாக்டர் என்று அவள் கேட்காதது என் அதிர்ஷ்டம்.

ஏப்ரல் முதல் வாரம் மகள் வீட்டுக்குக் காரிலேயே போகிறோம். மகள் வேலை மாறி வெளியூர் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அவள் குடியிருக்கும் வீட்டை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. "நானே அப்பாவ உக்கார வெச்சு ஓட்டிட்டு வரேன் பாரு" என்று போனில் தாய் பேசாத நாள் இல்லை. கார் வாங்கியதே அதற்காகத்தான். ஆறு மணி நேரப் பயணம். நினைத்தாலே முதுகில் அந்த மேடு குத்துகிறது.

மார்ச் 11, புதன்

புதுச் சிக்கல். வண்டிக்குள் ஏதோ வாசனை அடிக்கிறதாம்.

"ஒட்டின பசை சரியில்ல. வெயில் பட்டா கிளம்புது," என்றாள். எனக்கு உடனே புரிந்துவிட்டது. அது பசை இல்லை, என் களிம்பு. கல்யாணமான நாளிலிருந்து என் மேல் மருந்துக்கடை வாசனைதான். அவள் மூக்குக்கு அது பழகிப்போய்விட்டது. அதனால் என்னைச் சந்தேகிக்கவே இல்லை. புருஷன் நிரபராதி, வண்டி குற்றவாளி.

"ஆமா, லேசா அடிக்குது," என்று நானும் ஒத்து ஊதினேன். அயோக்கியன்.

மார்ச் 15, ஞாயிறு

கதவின் உள்தட்டியைக் கழற்றிக் கூடத்தில் வைத்திருக்கிறாள். போகும்போது ஒரு தடவை முகர்கிறாள், வரும்போது ஒரு தடவை முகர்கிறாள். கால்மிதி மாடியில் காய்கிறது. ஷோரூமுக்குக் காட்டமாகப் புகார் எழுதப் போகிறாளாம். அந்த விற்பனைக்காரர் முகம் கண் முன்னால் வந்து போனது.

மார்ச் 17, செவ்வாய்

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. நான் ஓட்டினா உங்களுக்கு பயமா இருக்கா?"

"சேச்சே."

"அப்போ பொண்டாட்டி ஓட்ட, பக்கத்துல உக்காந்து போறது கௌரவக் குறைச்சலா?"

"என்ன பேச்சு இது."

"பின்ன எதுக்கு எப்பப் பாத்தாலும் பஸ்? பரவால்ல. மகள் வீட்டுக்கும் பஸ்லயே வாங்க. நான் தனியா போய்க்கறேன்."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள், கடைசி வார்த்தையில் குரல் உடைந்துபோனது. அவள் ஆசைப்பட்டு வாங்கிய முதல் வண்டியில், பக்கத்து சீட் காலியாக ஆறு மணி நேரம். இதுக்கா வாங்கினா?

சொல்லிடலாம்னு வாயைத் திறந்தேன். எப்படிச் சொல்ல — நீ தடவித் தடவி வாங்கின வண்டி எனக்கு ஒத்துக்கலைன்னா? முடியலை. என்னால முடியவே இல்லை.

மார்ச் 21, சனி

மானம் கப்பலேறிய நாள்.

அவள் கூப்பிட்டு, தொழிற்சாலையிலிருந்து மூக்குக்காரர் வந்தார். கேலி இல்லை, அவர் வேலையே அதுதான்: புது வண்டியின் பாகங்களை முகர்ந்து மார்க் போடுவது. வாசனை சோப்புகூடப் போடமாட்டாராம். காபியை நீட்டினேன். "முகர்ந்து முடிச்சுட்டு குடிக்கறேன் சார்," என்றார். வண்டிக்குள் தலையை விட்டு டாஷ்போர்டை முகர்ந்தார், கதவை முகர்ந்தார், என் சீட்டின் சாய்மானத்துக்கு வந்ததும் அங்கேயே நின்றார். பிறகு வெளியே வந்து, நேராக என் பின்னால் வந்து, குனிந்து மூச்சை ஒரு இழுப்பு இழுத்தார்.

"மேடம், பசையில ஒண்ணும் இல்ல. வாசனை சாரோடது."

காபியைக்கூடத் தொடாமல் கிளம்பிவிட்டார்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: மேடு, களிம்பு, இல்லாத டாக்டர். திட்டுவாள் என்று நின்றேன்.

"நாள் பூரா குறை தேடறதுதான் என் வேலை. வீட்டுக்குள்ள இருக்கிற குறைய எங்கிட்டயே மறைச்சிருக்கீங்க. சொன்னா நான் என்ன, உடைஞ்சா போயிடுவேன்?"

வெட்கமாக இருந்தது.

அவள் வெளியே போய் என் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் கழித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"இந்த சீட்ல நான் உக்காந்தே பாக்கலங்க."

"ஷோரூம்லயுமா?"

"சீட் என் செக்ஷன் இல்லையே."

தொழிற்சாலையில் சீட்டை அவள் தொடக்கூடாது. கதவை சீட் செக்ஷன் ஆட்கள் தொடக்கூடாது. ஊசி முனை அளவு பிசிறைக்கூட விடாத கை, ஷோரூமிலும் சீட் பக்கம் போகாமல் திரும்பியிருக்கிறது. சொல்லிவிட்டு அவளே முதலில் சிரித்தாள். அனுமதி கிடைத்த பிறகு நானும் சிரித்தேன்.

மார்ச் 23, திங்கள்

சீட் செக்ஷன் தலைவரிடம் உதவி கேட்டாளாம். இது லேசுப்பட்ட விஷயம் இல்லை. அவருக்கும் இவளுக்கும் ஏழாம் பொருத்தம். சீட் கதவில் உரசினால் தப்பு சீட்டுடையதா கதவுடையதா என்று வருடக்கணக்கில் சண்டை. சாப்பிடும்போது அவர் பேச்சை எடுத்தால் எங்கள் வீட்டில் தட்டு சத்தமாக நகரும்.

"எப்படிக் கேட்டே?"

"கேட்டேன். அவ்வளவுதான்."

மார்ச் 29, ஞாயிறு

அவர் வந்தார். என்னை சீட்டில் உட்கார வைத்து, என் முதுகுக்கும் சாய்மானத்துக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தார். உறையைப் பிரித்து மேட்டை இழைத்தார். கீழே குழிவாக இருந்த இடத்தில் நுரைப்பஞ்சு வைத்துத் தைத்தார். என் மனைவி பக்கத்திலேயே நின்றாள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. அதைப் பார்ப்பதற்கே டிக்கெட் போடலாம்.

வாசல் வரை வழியனுப்பப் போனேன். அவர் குரலைத் தாழ்த்தி, "மேடம் எங்கிட்ட 'தயவுசெஞ்சு'ன்னு சொன்னாங்க சார். செக்ஷன்ல யார்கிட்ட சொன்னாலும் நம்ப மாட்டேங்கறாங்க," என்றார்.

சிரிக்கத்தான் நினைத்தேன். சிரிப்பு வரவில்லை. எனக்காகக் கேட்டிருக்கிறாள்.

ஏப்ரல் 4, சனி

மகள் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பாதி வழியில் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது வண்டி ஒரு மாடிக் கட்டடத்துக்கு முன்னால் நின்றிருந்தது. கண்ணாடியெல்லாம் இறக்கிவிட்டு, கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டோமா?"

"அது எப்பவோ."

"எழுப்ப வேண்டியதுதானே?"

"நல்லாத் தூங்கினீங்க. சரி, சொல்லுங்க. முதுகு?"

"முதுகுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா..."

நிறுத்தினேன். அவள் புருவம் மேலே போனது. விழுங்கிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன்.

"கதவுல கை வைக்கிற இடம் இருக்கே, அதோட விளிம்பு முழங்கையில உறுத்துது."

அவளுடைய கதவு. அவளுடைய செக்ஷன். மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

வேகமாக இறங்கிச் சுற்றி வந்தாள். என் பக்கக் கதவைத் திறந்து, தெருவில் மண்டிபோட்டு, கண்ணை மூடி விளிம்பு நெடுக விரலை ஓட்டினாள்.

"ஆமாங்க, இருக்கு! கைய வைங்க பாப்போம். இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் பின்னால."

மேலே ஜன்னலிலிருந்து மகள் கத்தினாள்: "ரெண்டு பேருக்கும் வீட்டுக்குள்ள வர்ற எண்ணம் இருக்கா, இல்லையா?"

"இருடி!" என்று தாய் பதிலுக்குக் கத்தினாள். பரிசு விழுந்தவள் மாதிரி முகமெல்லாம் சிரிப்பு. "உங்கப்பா ஒரு குறை சொல்லியிருக்காரு!"