மறைக்காமல் விட்ட நம்பர்

தலையணைக்கடியில் வைத்திருக்கும் ஜெராக்ஸ் தாள்களின் மை வாடை போர்வைக்குள்ளும் வருகிறது. அம்மா தூங்கட்டும் என்று காத்திருந்து இதை எழுதுகிறேன்.

டிராக்டர் கவிழ்ந்து நீ போனாயே, அதைப் பற்றிய அரசு விசாரணை அறிக்கை வெளிவந்துவிட்டது. நாகலூர் முழுக்க அதன் நகல்தான். சாட்சிகளின் பெயர்கள்மேல் கறுப்புப் பட்டை அடித்திருக்கிறார்கள். உன் பெயர் மட்டும் முழுசாக இருக்கிறது. பார்த்ததும் உன்மேல் பொறாமையாக இருந்தது. நீ இனி யாருக்கும் பயப்பட வேண்டாம்.

அரையாண்டு லீவில் நாம் காப்பி பறிக்கப் போனோம் என்று சொன்ன ஆறாம் சாட்சி நான்தான். பள்ளிப் பிள்ளைகள் யாரும் வேலைக்கு வரவில்லை என்கிறது எஸ்டேட். என் பெயரை அழித்தவர்கள், 'அம்மாவின் நாற்பத்தேழாம் நம்பரில் பறித்தேன்' என்பதை அப்படியே விட்டுவிட்டார்கள். எஸ்டேட்டில் யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? கூலிப் பதிவேட்டு நம்பர்தான் எல்லாருக்கும் பெயர். ஜெராக்ஸ் கடை அண்ணன் சிரித்தார். "மூஞ்சிய மூடிப்போட்டு நெத்தியில நம்பர எழுதி உட்டுட்டாங்க, கண்ணு."

ஆனால் நான் திரும்பத் திரும்பப் படிப்பது நான்காம் சாட்சியை. 'அவள் எதையும் என்னிடம்தான் சொல்வாள். அன்று காலை டிராக்டரில் ஏறப் பயமாக இருப்பதாகச் சொன்னாள்.' அதிலும் நம்பரை மறைக்கவில்லை. ஐம்பத்திரண்டாம் நம்பர்க்காரர் வீட்டுப் பெண். நம் வகுப்பில் கடைசி பெஞ்சு. நீ அவளோடு பேசி நான் பார்த்ததே இல்லை.

அன்று சாக்குகளின்மேல் உன்னை ஒட்டி உட்கார்ந்திருந்தவள் நான். வளைவு வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன். "கெட்டியாப் புடிச்சுக்க புள்ள, நா இருக்கறனல்ல" என்றாய். உன் கை ஜில்லென்றிருந்தது. மார்கழிக் குளிர் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத் தைரியத்தைக் கொடுத்தாய், பயத்தை ஏன் அவளிடம் கொடுத்தாய்?

இன்று சாயங்காலம் கூலிக் கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர் வீட்டுக்கே வந்தார். விசாரணையில் சொன்னது பொய் என்று நான் கையெழுத்துப் போடவேண்டுமாம். போடாவிட்டால் அம்மாவுக்கு வேலையும் இல்லை, இந்த எஸ்டேட் வீடும் இல்லை. அவர் போனபின் அம்மா, "போட்டுரு சாமி" என்றாள். தலையாட்டினேன்.

பிறகு தண்ணீர் பிடிக்கப் போனபோது குழாயடியில் பேசிக்கொண்டார்கள். ஐம்பத்திரண்டாம் நம்பர்க்காரர் வீட்டுக்கும் ரைட்டர் போயிருக்கிறார். அவள், "சொன்னது சொன்னதுதானுங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாளாம். எனக்கு வயிறு எரிந்தது. இதிலும் அவள்தான் முந்தினாள்.

காலையில் ரைட்டர் தாளோடு வருவார். அம்மா என்னை அடிப்பாள், அப்புறம் அழுவாள். நியாயம் பற்றியெல்லாம் எனக்குப் பேசத் தெரியாது. ஆனால் உன் பக்கத்தில் அவள் ஒருத்தி மட்டும் நிற்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. நானும் போடமாட்டேன்.