இருக்கை இல்லாத நால்வர்

மார்ச் 3, 09:10. நிலாவின் தென்முனை, பனிக்குழி முகாம்.
பதிவு செய்பவர் செங்கோடன், தரவு மேற்பார்வை. முகாமில் நால்வர் இருக்கிறோம். காற்றுக் கருவி சீராக ஓடுகிறது. பூமிக்குத் திரும்பும் கப்பல் தலைமை நிலையத்தில் தயார். ஆள் பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் இருக்கைப் பட்டியலில் ஓர் எண் இருந்தால்தான் அது கிளம்பலாம். இரண்டையும் ஒப்பிட்டு ஒப்புதல் தருவது என் வேலை.

மார்ச் 3, 11:40.
நான்கு பேருக்கு இருக்கை எண் இல்லை. நால்வரும் இந்த முகாமில் இருப்பவர்கள், நானும் ஒருவன். கப்பலில் ஆள் ஏற்றும் பொறுப்பு நாச்சிமுத்துவுக்கு. என் தங்கையைக் கட்டியவன். அவனை அழைத்தேன்.
"பதறாதீங்க மச்சான். பட்டியல்ல ஏத்தறப்ப உட்டுப்போயிருக்கும். சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிப்போடறேன்."
"மறந்துபோட்டுப் பறந்துராத மாப்ள."
"உங்கள உட்டுப்போட்டுப் போனா உங்க தங்கச்சி என்னைய ஊட்டுக்குள்ள சேர்ப்பாளா?"

மார்ச் 3, 17:25.
மறுபடி ஒப்பிட்டேன். திரை வெறுமையாக வந்தது. எங்கள் வேலையில் அதுதான் நல்ல செய்தி. குறையுள்ள பதிவு ஒன்றும் இல்லை என்று பொருள். ஒப்புதல் கொடுத்தேன். பாறை ஆய்வாளர் ஜெசிந்தா கடைசி ரவைப் பொட்டலத்தைப் பிரித்துக் கேசரி கிண்டினார். எங்களை ஏற்ற வண்டி காலையில் வரும்.

மார்ச் 4, 08:50.
வண்டி வரவில்லை. என் இருக்கை எண்ணைத் தேடினேன். இல்லை. ஆள் பட்டியலில் என் பெயரையே தேடினேன். அதுவும் இல்லை. நால்வரின் பெயரும் இல்லை. நாச்சிமுத்து இருக்கை சேர்க்கவில்லை, ஆட்களை நீக்கியிருக்கிறான். ஒப்பிட எங்கள் பெயர்களே இல்லாததால்தான் திரை வெறுமையாக வந்தது. நான் ஒப்புதல் கொடுத்தேன்.

09:05.
ஒப்புதலைத் திரும்பப் பெற முயன்றேன். பட்டியலில் இல்லாதவரின் கட்டளையை ஏற்க முடியாதாம். அவர் எழுதும் பதிவேடும் 09:25க்கு மூடப்படுமாம்.

09:14.
நாச்சிமுத்து எடுத்தான்.
"எரிபொருள் பத்தாதுங்க மச்சான். நாலு பேர் எடை..."
"அதை நேத்தே சொல்றதுக்கென்னடா? ஒப்புதல என் கையாலயே வாங்கிட்டியே!"
துண்டித்துவிட்டான்.

09:21.
பொது அலைவரிசையில் பேசினேன். கப்பல் தலைவர் புதியவர். எங்களைப் பட்டியலில் மட்டுமே அறிவார்.
"பனிக்குழியில நாலு பேர் இருக்கோம். செங்கோடன் பேசறேன்."
"அங்க ஆள் இருக்காங்களா, நாச்சிமுத்து?"
"பட்டியல்ல யாருமில்லீங்க. பழைய ஒலிப்பதிவு ஏதோ தானா ஓடுதாட்ட இருக்குதுங்க."

09:23.
ஜெசிந்தா ஒலிவாங்கியைப் பிடுங்கிக்கொண்டார். இன்றைய தேதியைச் சொல்கிறார். மணியைச் சொல்கிறார். தலைவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். பழைய பதிவில் இதெல்லாம் இருக்குமா? கேட்டால் புரிந்துவிடும். தலைவர் கேட்டால் போதும். நாச்சிமுத்து அலைவரிசையை மூடிவிட்