எட்டுச் சிட்டம் கம்பளி

என் ஊசிக்காரி ராக்குவுக்கு,

நீ போய் இரண்டரை வருஷம் ஆகிறது. இத்தனை நாளும் உனக்கு ஒரு வரி எழுத எனக்கு முகம் இல்லை. இன்றைக்குக் கோபத்தில் எழுதுகிறேன். எழுதாவிட்டால் இந்த வீட்டில் பாத்திரம் ஏதாவது உடையும்.

எல்லையில் மறுபடியும் சண்டை வந்துவிட்டது. போன தடவை சீனாக்காரன், இந்தத் தடவை வேறு பக்கம். நம் ஊர் மாதர் சங்கத்துக்கும் மறுபடியும் கம்பளி நூல் மூட்டை வந்து இறங்கியது. சிப்பாய்களுக்கு மேல்சட்டை, குல்லா, கழுத்துத்துணி பின்னிக் கொடுக்க வேண்டுமாம். தலைவியம்மா வீட்டு முன்கூடத்துப் பட்டாசாலையில் வெள்ளிக்கிழமை கூட்டம். நூலைப் பங்கு போடும்போது அந்த அம்மாள் வாய் கூசாமல் என்ன சொன்னார் தெரியுமா?

"எண்ணிக் குடுங்கடி. ராக்கு கதையா ஆயிரப் போகுது."

எல்லாரும் சிரித்தார்கள். புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்கள், உன்னை ஒரு நாளும் பார்த்திராதவர்கள், அவர்களும் சிரித்தார்கள். உன் பெயர் இந்த ஊரில் களவுக்குச் சொல்லும் பழமொழி ஆகிவிட்டது ராக்கு.

இந்த ஊருக்குப் பின்னல் கற்றுக் கொடுத்ததே நீதான். வெயிலில் வேப்பங்காய் வெடிக்கிற சீமையில் கம்பளியை யார் கண்டார்கள்? நீ கொடைக்கானலில் ஒரு டாக்டர் வீட்டில் நாலு வருஷம் பிள்ளை பார்த்தாய், அங்கே கற்றுக்கொண்டு வந்தாய். வந்த பிறகு பழையபடி எங்கள் மிளகாய்க் கொல்லையில் பழம் பறித்தாய். போன சண்டையில் சங்கத்துக்கு நூல் வந்து, யாருக்கும் ஊசி பிடிக்கத் தெரியாமல் முழித்தபோதுதான் உன்னைக் கூப்பிட்டோம். கூப்பிட்டும் எங்கே உட்கார வைத்தோம்? நிலைப்படிக்கு வெளியே, வாசல் மண்ணில். வாத்தியாரம்மா வெளியே, படிக்கிற நாங்கள் உள்ளே பாயில். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு வெட்கம் வரவில்லையே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

நீ எவ்வளவு சுளுவாகச் சொல்லிக் கொடுத்தாய்! புதுசாகத் தொடங்குகிறவளுக்கு முதலில் ஒரு சதுரம். ஊசியில் முப்பது கண்ணி ஏற்றி, போக நேராக, வர நேராக, வேறு வித்தை கிடையாது. "கோணலாப் போனாலும் பானை இறக்கப் பிடித்துணி ஆகும், வீணாப் போகாது" என்பாய். சதுரம் வந்தவளுக்குக் கழுத்துத்துணி. அது நீண்ட சதுரம்தான். அடுத்தது குல்லா, பின்னினதை மடித்துத் தைத்து உச்சியில் சுருக்குப் போட்டால் முடிந்தது. கை தேறியவளுக்கு மட்டும் மேல்சட்டை, அதற்கும் மேலே போனவளுக்குக் குதிகால் திருப்புகிற காலுறை. வேர்வையில் ஊசி வழுக்காமல் ஒட்டிக்கொண்டபோது உள்ளங்கையில் திருநீற்றைத் தடவச் சொன்னதும் நீதான்.

"கையை இறுக்காதீகம்மா. கண்ணி மூச்சு விடணும்" என்று வெளியிலிருந்து சத்தம் போடுவாய். ஒருநாள் மற்றவர்கள் காப்பி குடிக்க உள்ளே போயிருந்தார்கள். என் கண்ணி நழுவி நாலு வரிசை கீழே ஓடிவிட்டது. நீ படிக்கு வெளியிலிருந்தே கையை நீட்டி வாங்கி, ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாக மேலே ஏற்றிக் கொடுத்தாய். "பயப்படாதக்கா, ஓடினது திரும்பி வரும்" என்றாய். அக்கா என்றாய். அவர்கள் திரும்பி வந்ததும் நான் மறுபடி அம்மா ஆகிவிட்டேன்.

உன் தெருவில் நீயும் உன் தங்கச்சியும் இன்னும் ஒருத்தியும் ஐந்து மேல்சட்டை பின்னினீர்கள். ஒரு சட்டைக்கு எட்டுச் சிட்டம், எட்டுக் கட்டு நூல். பின்னி முடித்துக் கொண்டுவந்து படியில் வைத்தீர்கள். நீங்கள் போன பிறகு தலைவியம்மா சொன்னதை உனக்கு நான் சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன். "அவுக வீட்டுல இருந்து வந்ததை நம்ம சாமானோட சேர்த்துக் கட்ட முடியுமா? இந்த அஞ்சை மட்டும் வெளுத்து வாங்கிட்டுச் சேருங்க" என்றார். மூட்டையைக் கொண்டுபோய் வெளுப்புக்காரரிடம் போட்டது யார்? நான்தான் ராக்கு.

எங்களுக்குப் பருத்தியை விட்டால் என்ன தெரியும்? அவரும் வேட்டி சேலைக்குச் செய்கிறபடியே உவர்மண் போட்டு வெள்ளாவியில் வைத்து அவித்து, கல்லில் அடித்து, கஞ்சியும் போட்டுக் கொண்டுவந்தார். ஐந்து சட்டையும் நாலு வயசுப் பிள்ளைக்கு ஆகிற அளவில் அட்டையாக வந்து நின்றன. வெளுக்கப் போடாத எங்கள் சட்டைகள் ஆள் அளவில் இருந்தன. தலைவியம்மா இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: பாதி நூல் களவு போய்விட்டது.

உன்னை வரவழைத்து வாசலில் நிறுத்திக் கேட்டார்கள். நீ அழவில்லை. சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தாய். "இதை வெந்நியில போட்டீகளா? கம்பளியை வெந்நியில காட்டக் கூடாதும்மா, சுருங்கிரும். பச்சைத் தண்ணியில அலசி நிழல்ல விரிக்கணும்" என்றாய். "நாங்க ஏன்டி வெந்நியில போடுறோம்?" என்றார் தலைவியம்மா. நீ என்னைத்தான் பார்த்தாய்.

நான் தரையைப் பார்த்தேன். வெளுக்கப் போட்டோம் என்றால், ஏன் போட்டோம் என்று கேட்பாயே!

அந்த மாசியில் காய்ச்சலில் போனாய். அவமானத்தில் செத்தாய் என்று எழுதி நான் கண்ணீர் வடிக்க மாட்டேன், காய்ச்சல்தான். ஆனால் திருடி என்ற பட்டத்தோடு போனாய். உன் தங்கச்சியைச் சங்கத்து வாசல்படிப் பக்கம் வரவிடவில்லை, அதுவும் உனக்குத் தெரியாது.

போன வெள்ளிக்கிழமை அவர்கள் சிரித்ததும் நான் எழுந்துவிட்டேன். சங்கத்துப் பெட்டியைத் திறந்தேன். நாலு சட்டையை எலி தின்றிருந்தது, ஒன்று மிச்சம். அடுத்த வீட்டு மிளகாய் வியாபாரியிடம் தராசை வாங்கிவந்து பட்டாசாலை நடுவே தொங்கவிட்டேன். ஒரு தட்டில் அந்தச் சுருங்கிய சட்டை. மறு தட்டில் புது நூலில் எட்டுச் சிட்டம். ஒன்று, இரண்டு என்று எல்லாரையும் எண்ணச் சொல்லி வைத்தேன். தட்டில் ஒட்டியிருந்த மிளகாய்ப் பொடியில் தலைவியம்மாவுக்குத் தும்மல் வந்தது.

முள் நடுவில் நின்றது. இந்தப் பக்கமும் சாயவில்லை, அந்தப் பக்கமும் சாயவில்லை.

ஒரு நூல் குறையவில்லை ராக்கு. இந்த ஒரு தராசு அன்றைக்கு ஒருத்தி புத்திக்கும் எட்டவில்லை. எட்டவில்லையா, வேண்டாம் என்று விட்டோமா?

"சரி விடு, செத்தவளுக்கு இனி என்ன?" என்றார் தலைவியம்மா. அப்போதுதான் எனக்கு முழுக் கோபமும் வந்தது.

"வெளுக்கப் போட்டது நான். போடச் சொன்னது நீங்க. ஏன் போடச் சொன்னீகன்னு இந்தப் புதுப் பொண்ணுகளுக்குச் சொல்லட்டுமா?" என்றேன்.

"இம்புட்டுக் குதிக்கிறியே, அவ உனக்கு என்னடி வேணும்?" என்றார்.

"தங்கச்சி வேணும்" என்றேன். இரண்டு தரம் சொன்னேன், இரண்டாவது தரம் தெருவுக்கே கேட்கிற மாதிரி.

வீட்டுக்காரர் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாமலே இருக்கட்டும், சோறு இறங்குகிறது. அந்தச் சட்டையைப் பிரித்து நூலாக்கலாம் என்று உட்கார்ந்து பார்த்தேன், முடியவில்லை. கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிக் கிடக்கின்றன. அப்படியே வைத்திருக்கிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை முதல் பின்னல் வகுப்பு என் வீட்டில். உன் தங்கச்சிதான் சொல்லிக் கொடுக்கப் போகிறாள், நீ சொன்ன வரிசையிலேயே, முதலில் ஒரு சதுரம். அவளுக்குப் பாய் பட்டாசாலை நடுவில் விரிப்பேன். அவள் கை பட்ட எதையும் யாரும் வெளுக்கக் கொண்டுபோக விடமாட்டேன். வருகிறவர்கள் வரட்டும். ஒருத்தியும் வராவிட்டால் நான் ஒருத்தி உட்கார்ந்து கற்றுக்கொள்கிறேன், எனக்குக் காலுறையில் குதிகால் திருப்ப இன்னும் தெரியாது.

ஆள் இல்லாதபோது ஒரே ஒரு தரம் நீ கூப்பிட்ட,
உன் அக்கா,
வள்ளிமயில்