ரோசி அண்ணி கட்டிய பச்சை வளையம்

பேச்சுத்துணை இல்லாமல் என்னை விட்டுப்போன ரோசி அண்ணிக்கு,

காசிமேட்டில் இன்றும் அதே உப்புக்காற்றுதான். துறைமுகத்துப் பக்கமிருந்து வரும் கரித்தூள் கொடியில் காய்கிற துணியைக் கறுப்பாக்குகிறது. இந்தக் காற்றில் ஒரு ரோஜாத் தொட்டிகூட நிற்காது என்று தெருவே சொன்னபோது, நீ மட்டும்தான் கேட்கவில்லை.

தடித்த இலையில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் சக்குலென்ட் செடிகளைத் தேடிப் பிடித்தாய். கிறிஸ்துமஸுக்கு வாசலில் மாட்டும் பச்சை வளையத்துக்காகப் பழைய ஃபேன் கூண்டிலிருந்து வளையக் கம்பியைக் கழற்றி, நனைத்த தேங்காய் நாரை அதில் சுற்றி, அண்ணன் கொண்டுவந்த கிழிந்த மீன்வலைத் துண்டால் இறுக்கிக் கட்டினாய். முதல் வளையத்தைச் செடி செருகின கையோடு வாசலில் மாட்டிவிட்டாய். காலையில் பாதிச் செடி படியில் கிடந்தது. நான் சிரித்தேன், நீயும் சிரித்தாய். அடுத்த தடவை, வெட்டிய நுனிகளை நிழலில் போட்டு, வெட்டிய இடம் காய்ந்த பிறகே செருகினாய். வேர் பிடிக்கும்வரை மொட்டை மாடியில் படுக்கவைத்தே வளர்த்தாய். அந்தப் பொறுமை உனக்கு எங்கிருந்து வந்தது அண்ணி?

அது வாசலில் ஏறிய அன்றே எதிர்க்கடை அண்ணாச்சி வந்து நின்றார்.

"என்னம்மா இது? கடையைத் தொறந்ததும் எதுக்க சாவு வளையம்லா தெரியுது?"

நானாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். நீ வளையத்தைக் கழற்றி அவர் முன்னால் நீட்டினாய். "தொட்டுப் பாருங்க அண்ணாச்சி. உசுரோட கீது. இங்க பாருங்க, குருத்து வுட்டுகினு கீது."

அவர் ஒற்றை விரலால் தொட்டார். வெகுநேரம் பார்த்தார். அப்புறம் கடையில் உரித்த தேங்காய் நாரையெல்லாம் உனக்கென்று ஒரு சாக்கில் சேர்த்து வைக்க ஆரம்பித்தார். அடுத்த கிறிஸ்துமஸுக்கு நம் தெருவில் பல வாசல்களில் உன் வளையம் தொங்கியது. அவர் கடை வாசலிலும்தான்.

பிறகு உனக்கு உடம்பு முடியாமல் போனது. சிகிச்சைக்குப் போய்வந்த ஒரு மத்தியானம், சமையலறைத் தரையில் உட்கார்ந்து மறுபடி கம்பியில் நார் சுற்றினாய். யாருக்கு என்று கேட்டேன்.

"எனக்குத்தான்."

நான் அழுதுவிட்டேன்.

"அழுவாத ஜெயா. பொட்டி மேல இத்த வெய்யி. ஆனா குழிக்குள்ள போட்ராத, திருப்பி வூட்டுக்கு எட்துகினு வா. செடி இன்னா பாவம் பண்ச்சு?"

நீ சொன்னபடியே செய்தேன். கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் பூவைப் போட்டு முடித்ததும் வளையத்தைக் கையில் எடுத்தேன். பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பொணத்து மேல வெச்சத வூட்டுக்குள்ள எட்தாருவியா? பைத்தியமா உனுக்கு?" அதுவரை மண்ணையே பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் வந்து என்னிடமிருந்து அதை வாங்கிக்கொண்டான். வீடுவரை ஆட்டோவில் மடியிலேயே வைத்திருந்தான்.

அதன்பிறகு யாரையும் அதைத் தொட விடவில்லை. தண்ணீரில் ஊறவைப்பது, இலையில் படிந்த கரித்தூளைச் சவர பிரஷ்ஷால் தட்டுவது, எல்லாம் அவன்தான். ஆனால் செடிகள் வெளிச்சத்தைத் தேடி நீண்டுகொண்டே போயின. அடி இலைகள் உதிர்ந்து நார் தெரிந்தது. நுனி வெட்டவேண்டும் என்றேன். "அவ கை வெச்சது. அதுல கத்திரி படக்கூடாது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தவித்தேன். கண்ணெதிரே அது மெலிந்துகொண்டிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அவனே கேட்டான். "ஜெயா, இப்டியே வுட்டா செத்துடுமா?"

"செத்துடும்ணா. வெட்டுனா துளுக்கும்."

எழுந்துபோய்க் கத்தரியை எடுத்துவந்தான். முதல் நுனியை வெட்டி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "ரோசி கோச்சுக்குவாளா?" என்றான்.

"வெட்டாம வுட்டாதான் அண்ணி கோச்சுக்கும்" என்றேன். சரியாகத்தானே சொன்னேன் அண்ணி? பிறகு அவன் நிறுத்தவில்லை. நான் முறத்தை ஏந்திக்கொண்டிருந்தேன். நீ போனபிறகு முதல்முறையாக, வெட்டிக்கொண்டே உன்னைப் பற்றிப் பேசினான். இருட்டும்வரை பேசினான். நான் கேட்டிராத கதைகள்.

இனி பழைய இலைகள் உதிரும், புதுசு வரும். கொஞ்ச காலத்தில் உன் விரல் பட்ட இலை ஒன்றுகூட அதில் மிஞ்சாது. முன்பு அதை நினைக்கவே எனக்குப் பயம். இப்போது அப்படி இல்லை. மழைக்கு முன் உள்ளே எடுத்து வைப்போம். நார் காய்ந்தபிறகே தண்ணீர் காட்டுவோம். நீண்டால் வெட்டுவோம். வெட்டிய ஒரு நுனியைக்கூடக் குப்பையில் போடாமல், நீ செய்தபடியே காயவைத்து நாரில் செருகுவோம். இது நானும் அண்ணனும் சேர்ந்து உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உன் நாத்தனார்,
ஜெயா