குழல்களில் இருந்த எண்கள்

ஜூலை 7, திங்கள்
விடிந்ததிலிருந்து தூறல். துணி காயவில்லை. லிப்ட் ஆறாவது நாளாக ரிப்பேர். மூன்றாம் மாடி, இந்த முழங்கால். நேற்றுப் பூசையும் போச்சு.
ஜெனியிடம் சொல்ல: தைலம், ரஸ்க், பேனா.
நர்ஸ் ஸ்டெல்லா வந்து முழங்காலில் கட்டு மாற்றினாள். அந்தப் பெண்ணுக்கு நல்ல கை.
எங்கள் மாதா கோயிலின் குழல் ஆர்கனைக் கழற்றிப் பழுது பார்க்கிறார்கள். அதன் வரலாற்றைப் புத்தகமாய் எழுதுவது என் பேத்தி ஜெனி. நான் ஐந்தாம் வகுப்பு. இவள் அந்த ஆர்கனை வாசிக்கிறாள், அதைப் பற்றி எழுதவும் செய்கிறாள். லிப்ட் ஓடினால் ஒவ்வொரு மாடியிலும் நிறுத்திச் சொல்லுவேன்.

ஜூலை 8, செவ்வாய்
ஜெனி போனில் படம் காட்டினாள். குழல் முழுக்கக் கோடு கோடாய்.
"அஜ்ஜி, நாரு போட்டுத் தேய்ச்ச மாதிரி இருக்குன்னு ரிப்பேர்காரர் சொல்றாரு. ஆர்கன் குழலைப் போய் யாராவது பாத்திரம் மாதிரி வெளக்குவாங்களா?"
சிரித்தாள். நானும் சிரித்தேன். காப்பித் தம்ளரைக் கீழே வைத்தேன்.
"குடகுலேர்ந்து லாரியில வர்றப்ப மழையில குழல்ல எழுதியிருந்த நம்பர் அழிஞ்சுதுன்னு பழைய நோட்டுல இருக்கு. கூட வந்த சின்னப்பன் தார்ப்பாயை ஒழுங்கா மூடலையாம். அப்புறம் ஈரத்தைத் தொடைக்கிறேன்னு அவரே தேய்ச்சிருப்பாரு. அப்படியே எழுதிடவா?"
தலையை ஆட்டிவிட்டேன்.

ஜூலை 9, புதன்
இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.
குடகு எஸ்டேட்டில் வெள்ளைக்காரர் கோயில் மூடிக் கிடந்தது. அங்கிருந்த ஆர்கனை எங்கள் சாமியார் கேட்டு வாங்கினார். அப்போது என் வீட்டுக்காரர் கோயிலில் மணி அடிப்பவர். கோயிலுக்குப் பின்னால் எங்கள் குடியிருப்பு. குழல்களை எங்கள் வாசலில்தான் இறக்கினார்கள். எது எந்தத் துளையில் நிற்க வேண்டும் என்று ஒவ்வொன்றிலும் சாக்பீசில் எண். லாரியில் எண்ணி ஏற்றிய அடையாளம் என்று நினைத்தேன்.
மறுநாள் ஆயர் வருகிறார். குழலெல்லாம் கறுப்பேறிக் கிடக்கிறது. என் வாசலில் அழுக்கா? புளி, சாம்பல், தேங்காய் நார். மத்தியானத்துக்குள் பளபள.
வீட்டுக்காரர் வந்து பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். சாமியாரிடம் "மழை" என்றார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.
"மழையே பெய்யல சாமி" என்று சின்னப்பன் சொன்னாராம். யார் கேட்டது? சின்னப்பனுக்குக் கோயில் வேலை போயிற்று. சாகும்வரை மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார்.
குழல்களைக் குத்துமதிப்பாய் நட்டார்கள். ஒரு சுரம் மட்டும் இத்தனை வருஷமும் முனகியது. பூசையில் அது வரும்போதெல்லாம் ஜெபமாலையைப் பார்ப்பேன்.
சின்னப்பன் மகள்தான் ஸ்டெல்லா.

ஜூலை 10, வியாழன்
மழை விட்டது. லிப்ட் அப்படியே.
ஸ்டெல்லா ஒரே சந்தோஷம். "அத்தை, ஆர்கனைக் கொண்டுவந்தவங்க பேரெல்லாம் புஸ்தகத்துல வருதாமே! கோயில் நோட்டீசுல பார்த்தேன். எங்கப்பா பேரும் இருக்கு. எனக்கு ரெண்டு புஸ்தகம் எடுத்து வைக்கச் சொல்லுங்க."
ஊசி ஏறியதே தெரியவில்லை.
"வலிக்குதா அத்தை? மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு."
"இல்லடி."
அவள் போனபின் சுவரைப் பிடித்து லிப்ட் வரை நடந்தேன். பட்டனை அமுக்கினேன். எங்கே போகப்போகிறேன்? தெரியாது.

ஜூலை 11, வெள்ளி
ரசம் கரித்தது. நான்தான் உப்பை இரண்டு தடவை போட்டிருக்கிறேன்.
புத்தகம் நாளை அச்சுக்கு. "தாத்தாவுக்கு முழுசா ஒரு பக்கம் அஜ்ஜி" என்று ஜெனி வாசித்துக் காட்டினாள். நேர்மையானவர் என்று இரண்டு இடத்தில். சின்னப்பனுக்கு மூன்று வரி. கவனக்குறைவு என்று ஒரு சொல்.
சொன்னால் வீட்டுக்காரரும் பொய்யர் ஆகிறார். சொல்லாவிட்டால் தினம் காலை பத்து மணிக்கு ஸ்டெல்லா வருவாள்.

ஜூலை 12, சனி
சொல்லிவிட்டேன். "ரெண்டு பேரும் உக்காருங்க, ஒரு தடவைதான் சொல்லுவேன்" என்று ஆரம்பித்தேன்.
ஜெனி என்னையே பார்த்தாள். ஸ்டெல்லா முழங்காலில் கட்டுச் சுற்றுவதை நிறுத்தவில்லை. முடிச்சு போட்டபின் சொன்னாள். "மழையே பெய்யலன்னு அப்பா சாகுறவரைக்கும் சொன்னாரு அத்தை. நாங்களே நம்பல."
கை கழுவினாள். பையை எடுத்தாள்.
ஜெனி அந்த மூன்று வரியை அடித்தாள். "உங்க முழுப் பேரு எப்படி எழுதணும் அஜ்ஜி?" என்றாள். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.
லிப்ட் காலையிலேயே சரியாகிவிட்டதாம். ஸ்டெல்லா படியில் இறங்கிப் போனாள்.